வீட்டுத் தோட்டம்: வேரில் விழும் முடிச்சு



நடுப்பகலில் வாடி மாலையில் நிமிரும் கத்தரிக் கன்று உங்கள் வளவில் இருக்கிறதா? தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் இரண்டு வாளி ஊற்றியிருப்பீர்கள். ஒரு கன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் அது வட்டப்புழுவின் வேலை. தமிழகத்தில் இதனை நூற்புழு என்பர். (பயற்றை வேரிலுள்ள நல்ல முடிச்சு விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், இது உதிராது.)

கண்ணுக்குத் தெரியாத இச்சிறு படைப்பு, மண் துகள்களுக்கு இடையிலுள்ள ஈரத்தில்தான் நகரும். இறுகிய களிமண்ணில் இதற்கு வழி குறைவு. பொலபொலப்பான மணலில் தாராளம். 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் மிக உகந்தது. அந்த வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு பெண்புழு சில நூறு முட்டைகள் இடும். நுவரெலியாக் குளிரில் உருளைக்கிழங்கைத் தாக்குவது வேறோர் இனம். நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்டதும் அதுவே. வெள்ளம் நிற்கும் நெல்வயலில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தை வைத்திருக்கிறான் அல்லாஹ்.

யாழ்ப்பாணத்து வெப்பமும், கரையோர மணலும், நீர் வடியும் செம்மண்ணும் வேர்முடிச்சுப் புழுவுக்கு ஏற்றவை. ஆயினும் கோடை வறட்சி அதனை ஓரளவு அடக்கும். நாம்தான் கிணற்று நீரை இறைத்து, ஆண்டு முழுவதும் ஒரே பாத்தியில் கத்தரி, தக்காளி, வெண்டி என்று அதற்கு விருந்து வைக்கிறோம்!

1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின் மீண்ட நம் குடும்பங்கள் சில, பாழடைந்த வளவுகளைத் திருத்தித் தோட்டம் போட்டிருக்கின்றன. வாங்கி வரும் நாற்றோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் புழு வந்து சேரும். வேரைப் பார்க்காமல் நடாதீர்கள்.

நஞ்சு வாங்கிக் கொட்டவும் வேண்டாம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். பாத்தியில் கொட்டியது பிள்ளைகளின் குவளைக்கு வந்துவிடலாம்.

கோடையில் ஒரு பாத்தியைக் கொத்தி நனைத்து, நிறமற்ற பொலித்தீனால் மூடி, ஓரங்களுக்கு மண் அணைத்து, 4 முதல் 6 வாரம் வெயிலில் விடுங்கள். பிறகு வேப்பம் புண்ணாக்கு இடலாம். துலுக்கச் செவ்வந்தியை (பெயரைப் பாருங்களேன்!) பாத்தி நிறைய நெருக்கி நடுவதும் நல்லது, அதன் வேரிலுள்ள பொருள் இப்புழுவுக்கு ஆகாது. முடிச்சு விழுந்த வேர்களை மட்டும் பசளைக் குழியில் போட்டுவிடாதீர்கள், காயவைத்து எரித்துவிடுங்கள்.