பாதி உண்மை வரலாறு ஆகாது

யாசர் அராபத் 2004 நவம்பர் 11 அன்று பாரிஸ் அருகே மறைந்தார். அவரது வாழ்க்கை வரலாற்றின் முதல் வரி மீதான வழக்கோ இன்னும் ஓயவில்லை. தாம் எருசலேமில் பிறந்ததாக அவர் சொல்லி வந்தார்; பிறப்புப் பதிவோ 1929 ஆகஸ்டில் கெய்ரோவில் பிறந்ததாகக் காட்டுகிறது.

போற்றுவோர் அப்பதிவை மறைக்கின்றனர். தூற்றுவோர் அதை மட்டுமே உரக்கப் படித்து, "இவர் பாலஸ்தீனரே அல்லர்" என்கின்றனர். தந்தை காசாவைச் சேர்ந்தவர், தாய் எருசலேம் குடும்பத்தவர், தாயை இழந்த சிறுவன் சில ஆண்டுகள் எருசலேமில் மாமன் வீட்டில் வளர்ந்தான் என்பனவற்றை விழுங்கிவிடுகின்றனர்.

மரணத்திலும் இதே கதைதான். சுவிஸ் ஆய்வாளர்கள் 2013இல் பொலோனிய நஞ்சின் சாத்தியத்தைச் சுட்டியதை ஒரு சாரார் முடிந்த தீர்ப்பாக்குகின்றனர். பிரான்சு நீதிபதிகள் 2015இல் வழக்கை முடித்ததை மட்டுமே மறுசாரார் கூறுகின்றனர்.

நடுநிலை என்பது இரு பொய்களுக்கும் இடையே பாதி வழி நிற்பதன்று. கெய்ரோவில் பிறந்தார் என எழுதுக. அதனால் அவருடைய மக்கள் இழந்த மண் பொய்யாகிவிடாது என்பதையும் எழுதுக. இரண்டையும் எழுதத் துணியாதவர் துதியோ வசையோ பாடட்டும். அதற்கு வரலாறு எனப் பெயரிட வேண்டா.