வாடகை சைக்கிளுக்கு ஒரு கடைக்காரர் வேண்டும்!

உங்கள் வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருமுனை வாடகை சைக்கிள் கடையில்தான் பசங்க கூட்டம். கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று வரிசையாக நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. முன்பணம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. ''யாரு, வாத்தியார் வீட்டுப் பையனா? எடுத்துட்டுப் போ'' என்று சொல்லிவிட்டு நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார் கடைக்காரர். குரங்குப் பெடல் போட்டு விழுந்து, சக்கரம் கோணிக்கொண்டு வந்தால் அன்று மாலையே வீட்டுக்குத் தகவல் போய்விடும். மறுநாள் காலைக்குள் கோட்டம் எடுத்து வண்டியும் தயாராகிவிடும்.

அந்தக் கடையை, கடைக்காரரே இல்லாமல் நடத்த முடியுமா?

'முடியும்' என்று ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் சில மாணவர்கள் செய்து காட்டினார்கள். அது நான்கே வருடங்களில் உலகம் முழுக்கப் பரவியது. பரவிய வேகத்திலேயே குப்பைமேடாகவும் ஆனது. இன்று எந்தக் கல்லூரியாவது 'பசுமை வளாகம்' என்று சைக்கிள் நிறுத்தத்துக்குப் பூஜை போட்டால், முதலில் படிக்க வேண்டிய கதை இது.

மஞ்சள் சைக்கிள் பிறந்த இடம்

இடம், சீனத் தலைநகர் பீஜிங்கில் உள்ள பீக்கிங் பல்கலைக்கழகம். (ஊர் பெயர் மாறியும் பல்கலைக்கழகம் பழைய பெயரை விடவில்லை. நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாதிரிதான்!) அங்கே படித்தவர் டாய் வெய். சைக்கிள் என்றால் உயிர். பட்டம் வாங்கியதும் சிங்ஹாய் மாகாணத்தில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வருடம் ஆசிரியராக இருந்தார். திரும்பி வந்து, 2014-ல் நண்பர்களோடு ஒரு கம்பெனி தொடங்கினார். பெயர், ஓஃபோ. ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் எழுதினால் இரண்டு சக்கரமும் நடுவில் குனிந்து மிதிக்கும் ஆளும் தெரியும்!

முதலில் சைக்கிள் சுற்றுலா நடத்தத்தான் நினைத்தார்கள். ஓடவில்லை. 2015-ல் வேறொரு யோசனை வந்தது. வளாகத்தில் எங்கு பார்த்தாலும் சைக்கிள். ஆனால், வகுப்பு முடிந்து வெளியே வருபவருக்கு, தன் சைக்கிள் வேறொரு கட்டடத்து வாசலில் நிற்கும். அல்லது, திருடு போயிருக்கும். ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். 'உங்கள் சைக்கிளை எங்களிடம் கொடுங்கள். பதிலுக்கு எங்களிடம் உள்ள எல்லா சைக்கிளும் உங்களுடையது.'

ஒரு சைக்கிளைக் கொடுத்தால் ஆயிரம் சைக்கிள் கிடைக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வண்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, ஒரு நம்பர் பலகை மாட்டி, எண் பூட்டு போட்டார்கள். போனில் வண்டி நம்பரைத் தட்டினால் பூட்டின் எண் வரும். திறந்து ஓட்டிப்போய், வேலை முடிந்த இடத்தில் விட்டுவிடலாம். தனியாக நிறுத்தம் வேண்டாம், கம்பம் வேண்டாம், காவலாளி வேண்டாம். கொஞ்ச காலத்திலேயே மற்ற ஊர்க் கல்லூரிகளும் கேட்க ஆரம்பித்தன.

சுவர்தான் பூட்டு

இந்த யோசனை இவர்களுக்கு முதலில் தோன்றியதல்ல. 1965-ல் ஆம்ஸ்டர்டாமில் சில இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்து, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று தெருவில் விட்டார்கள். பூட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. 1993-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சுமார் 300 பச்சை சைக்கிள்களை விட்டார்கள். சொல்லவே சங்கடம்... கிட்டத்தட்ட எல்லாமே திருடு போய்விட்டன. பல்கலைக்கழக ஊர், படித்தவர்கள் நிறைந்த ஊர் என்பதெல்லாம் சைக்கிள் திருடனுக்குக் கணக்கே இல்லை.

மூன்று வருடம் கழித்து, அதே இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் கொஞ்சம் உஷாராக இறங்கியது. அதன் கட்டடங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பவை. இடையில் கார் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். அதற்காக, காந்தப் பட்டை உள்ள அட்டையைத் தேய்த்தால் மட்டும் சைக்கிள் வெளியே வரும் நிறுத்தங்களை 1996-ல் வைத்தார்கள். எடுத்தது யார் என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். இன்று உலகம் முழுக்க இருக்கும் அட்டை, ஆப் சைக்கிள்களுக்கெல்லாம் முன்னோடி, அந்தச் சின்னப் பல்கலைக்கழக ஏற்பாடுதான். நம் கடைக்காரரின் நோட்டுப் புத்தகம் அப்போதுதான் மெஷினுக்குள் போனது என்றும் சொல்லலாம்.

பீக்கிங் மாணவர்களின் எண் பூட்டு, இதைவிட எளிமையானது. அப்புறம் எப்படி அது வளாகத்துக்குள் பிழைத்தது? ஆப் காரணமல்ல. சுற்றுச்சுவர் காரணம். மாணவர்கள் உள்ளேயே விடுதியில் தங்குகிறார்கள். காலையில் விடுதியிலிருந்து வகுப்பு, மதியம் சாப்பாட்டுக் கூடம், மாலை நூலகம், இரவு மறுபடியும் விடுதி. எல்லோரும் போகும் பாதை ஒன்றே என்பதால் சைக்கிளும் அலை மாதிரி போய், அலை மாதிரி திரும்பிவிடும். காணாமல் போனாலும் சுவருக்குள்தான் எங்காவது கிடக்கும். செயின் கழன்றால், பஞ்சரானால் தேடி எடுத்துச் சரிசெய்யும் தூரத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, இது நம் காலேஜ் பசங்களின் வண்டி என்ற நினைப்பு.

வெளியே வந்தது வண்டி

2016 ஏப்ரலில் ஷாங்காயில் மோபைக் என்ற போட்டிக் கம்பெனி வந்தது. செயற்கைக்கோள் மூலம் இருக்குமிடம் காட்டும் பூட்டு, ஆரஞ்சு நிறச் சக்கரம் என்று நேராக நகரத்துக்குள்ளேயே இறங்கியது. அதே ஆண்டு இறுதியில் ஓஃபோவும் கல்லூரி கேட்டைத் தாண்டி பீஜிங் தெருவுக்கு வந்தது.

இங்கேதான் கணக்கு மாறியது. அலிபாபா, தீதி போன்ற பெரிய கைகள் ஓஃபோவில் பணம் போட்டன. மோபைக்குக்கு டென்சென்ட். யார் அதிக சைக்கிளை இறக்குவது என்று போட்டி. 'மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் சைக்கிளைப் பகிர்ந்துகொள்வோம்' என்று தொடங்கியது நினைவிருக்கிறதா? இப்போது ஃபேக்டரியிலிருந்து லட்சக்கணக்கில் புது சைக்கிள். இருப்பதைப் பகிர்வது வேறு, பகிர்வதற்காகவே புதிதாகச் செய்து குவிப்பது வேறு. இரண்டுக்கும் 'பசுமைப் போக்குவரத்து' என்று ஒரே பெயர் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் எல்லோரும் ஏமாந்தார்கள்.

வளாகத்துக்குள் பிரச்னையில்லாத எண் பூட்டு, நகரத்தில் பல்லிளித்தது. ஒரு வண்டிக்கு ஒரே எண் என்பதால், ஒருமுறை தெரிந்தவர் மறுமுறை காசு கொடுக்காமலே எடுத்தார். சிலர் நம்பர் பலகையைச் சுரண்டினார்கள். சிலர் மேலே சொந்தப் பூட்டைப் போட்டு 'இது என்னுடையது' ஆக்கிக்கொண்டார்கள். ரயில் நிலைய வாசலிலும் நடைபாதையிலும் சைக்கிள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்தன. சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தை வண்டி தள்ளும் அம்மாவும் சாலையில் இறங்கிப் போக வேண்டிய நிலை.

ஒரு சவாரிக்கு வாடகை ஒரு யுவான், அதாவது அப்போதைய கணக்கில் சுமார் பத்து ரூபாய். அதற்கும் 'இந்த மாதம் இலவசம்' என்று கூப்பன். அதை வைத்துக்கொண்டு ரிப்பேர் ஆளுக்கு எங்கிருந்து சம்பளம் கொடுப்பது? ஆனால், சேரும்போது ஒவ்வொருவரும் முன்பணம் கட்டியிருந்தார்கள். முதலில் 99 யுவான், பிறகு 199. கோடிக்கணக்கான பேர் கட்டிய பணம்!

2018 டிசம்பரில், பீஜிங் குளிரில், ஓஃபோ அலுவலக வாசலில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆப்பிலும் வரிசை, ஒரு கோடிப் பேருக்கு மேல். பலருக்கு அந்தப் பணம் வரவே இல்லை. இதற்கிடையில் ஒரு கூத்து. சீனர் ஒருவர், தன்னை வெளிநாட்டுக்காரர் போலக் காட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் மெயில் போட, அவருக்கு மட்டும் மன்னிப்போடு பணம் வந்ததாம். விஷயம் வெளியே தெரிந்து, ஊரே சிரித்தது. அதே மாதம், கடனைக் கட்டும்வரை விமான முதல் வகுப்பு போன்ற ஆடம்பரச் செலவுகள் செய்யக் கூடாது என்று டாய் வெய்க்கு நீதிமன்றம் தடை போட்டது.

நம் ஊருக்கும் அந்த மஞ்சள் சைக்கிள் வந்து போனது. கோவையில் 2018-ல் அதை ஓட்டியவர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்த வருடமே கம்பெனி இந்தியாவை விட்டே கிளம்பிவிட்டது.

பேரீச்சம்பழத்துக்குக் கூட போடமுடியாது!

சீனாவின் ஷியாமென் நகரத்தில் எடுத்த படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மஞ்சள், ஆரஞ்சு, நீலம். பூந்தோட்டம் என்று நினைத்து உற்றுப் பார்த்தால், அத்தனையும் குவித்துப்போட்ட சைக்கிள். அமெரிக்காவின் டாலஸ் நகரத்தை விட்டு 2018 ஆகஸ்டில் ஓஃபோ போனபோதும், பழைய இரும்புக் கிடங்கில் மஞ்சள் குன்று எழுந்தது.

'இரும்புதானே, உருக்கிவிட்டால் போச்சு' என்று தோன்றும். பழைய வாடகைக் கடை சைக்கிளுக்கு அது சரி. அதில் பாகம் பாகமாகக் கழற்றலாம், ரிம்மை இன்னொரு வண்டிக்கு மாட்டலாம், கடைசியில் மிஞ்சும் பிரேமைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம். புது வகை சைக்கிள்கள் பலவற்றில் காற்றடிக்கத் தேவையில்லாத கெட்டி டயர், பிளாஸ்டிக் உறை, பூட்டுக்குள் மின்னணுப் பலகை, பேட்டரி. எதையும் சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாதபடி தனி நட்டுகள். திருட்டைத் தடுக்கச் செய்த அதே வேலைதான், ரிப்பேர்காரரையும் காயலான் கடைக்காரரையும் தடுத்தது. ஒவ்வொன்றையும் பிரித்து எடுக்க ஆகும் கூலி, கிடைக்கும் இரும்பின் விலையைத் தின்றுவிடும்.

மறுசுழற்சித் தொட்டி வைக்கும் எல்லா வளாகங்களுக்கும் உள்ள சிக்கல்தான் இது. பொருள் உள்ளே வரும்போதே, அது வெளியே போகும் வழியை யாரும் யோசிப்பதில்லை.

கொட்டகையில் ஒரு ரிப்பேர் கடை

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். 1960-களில் அங்கே துணைவேந்தர் நிலையில் இருந்த எமில் மிராக், வளாகத்தை சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகவே திட்டமிடச் சொன்னவர். ஊரும் கூடவே வந்தது. சைக்கிளுக்கென்று சாலையில் தனிப் பாதை போடுவதில் 1967-லேயே அமெரிக்காவுக்கு முன்னோடி ஆனது டேவிஸ் நகரம்.

ஆனால், பாதையைவிட முக்கியமானது அங்கே உள்ள பழைய கொட்டகை ஒன்று. 1971 முதல் அதில் மாணவர்களே ஒரு சைக்கிள் கடை நடத்துகிறார்கள். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் சரிசெய்வது எல்லாம் மாணவர்கள்தான். அது அவர்களுக்குப் பகுதிநேர வேலை, சம்பளமும் உண்டு. வாடகைக்கும் வண்டி கிடைக்கும். படிப்பு முடிந்ததும் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போகும் வழக்கம் அங்கேயும் உண்டு. கேட்பாரற்று நிற்பவற்றை நிர்வாகம் எடுத்து வைத்து, உரியவர் வராவிட்டால் ஏலம் விடுகிறது. போன வருடத்து மாணவரின் வண்டியில் அடுத்த வருடத்து மாணவர் வகுப்புக்குப் போகலாம்.

ஆப்போ, முதலீட்டாளரோ இதற்குத் தேவைப்படவில்லை. கையில் கிரீஸ் ஒட்டிய சில மாணவர்கள் போதுமாக இருந்தது.

மியான்மருக்குப் போன சைக்கிள்கள்

அந்த அநாதை சைக்கிள்கள் எல்லாமே குன்றாகிவிடவில்லை. கம்பெனிகள் கைவிட்ட சைக்கிள்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மலிந்து கிடப்பதைப் பார்த்தார், மியான்மரைச் சேர்ந்த தொழிலதிபர் மைக் தான் துன் வின். அவர் நாட்டில் கிராமத்துப் பிள்ளைகள் நெடுந்தூரம் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். 2019-ல் சுமார் 10,000 சைக்கிள்களை வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். 'லெஸ்வாக்' என்று அந்த முயற்சிக்குப் பெயர்.

இறக்கியதும் முதல் வேலை, ஆப் கேட்கும் அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சாவி போடும் சாதாரணப் பூட்டை மாட்டியது. இரண்டாவது வேலை, பின்னால் ஒரு சீட் வைத்தது, கூடப் படிக்கும் இன்னொரு பிள்ளையும் உட்கார்ந்து போவதற்கு.