நாம் எத்தனை மெகாபைட்?

கைப்பேசி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்றுதான். அதே கேள்வியை மனிதனைப் பார்த்துக் கேட்டால்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

தமிழுக்கு 247 எழுத்துகள். நம் டிஎன்ஏவுக்கு நான்கே எழுத்துகள்: ஏ, சி, ஜி, டி. கணினிக்குத் தெரிந்தது 0, 1 மட்டும். ஏ என்றால் 00, சி 01, ஜி 10, டி 11 என்று வைத்துக்கொண்டால் ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் போதும். எட்டு பிட் ஒரு பைட். ஆக, நான்கு எழுத்துக்கு ஒரு பைட். மனித டிஎன்ஏ ஏறக்குறைய 310 கோடி எழுத்து. நான்கால் வகுத்தால் 775 மெகாபைட்.

வானொலிக் கணக்கில் சொன்னால், சாதாரண எம்பி3 தரத்தில் சுமார் 13 மணி நேர ஒலிபரப்பு. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு ஏழு மணிச் செய்திக்குள் மனிதன் முடிந்துவிடுவான்! அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என நம்மிடம் இரண்டு பிரதிகள் இருப்பதால் மொத்தம் ஒன்றரை ஜிபி.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகத்தின் டிஎன்ஏ வரைவை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். சுமார் 215 கோடி எழுத்து, அதாவது 540 மெகாபைட். அதே ஆண்டு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வில் செம்பனையின் கணக்கும் வந்தது: 180 கோடி எழுத்து, 450 மெகாபைட்.

மரத்தைவிட நாம் பெரியவர்கள் என்று மார்தட்ட வேண்டாம். சமையலறையில் இருக்கும் பெரிய வெங்காயத்துக்கு 4 ஜிபி! மனிதனைப்போல் ஐந்து மடங்கு. அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள். ஒரே விளம்பரத்தை நாள் முழுக்க ஒலிபரப்பினால் நேரம்தான் கூடும், செய்தி கூடாது.

அப்படியானால் உண்மையான செய்தி எவ்வளவு? ஒட்டுக்கட்டி வளர்த்த 600 ரக மரங்கள் எல்லாம் ஒரே கோப்பின் நகல்கள் மாதிரி. மனிதர்கள் அப்படி இல்லை. ஆனால் வேறுபாடும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. பொது மாதிரி ஒன்றோடு ஒப்பிட்டால், ஒருவர் மாறுபடுவது 40 முதல் 50 லட்சம் இடங்களில் மட்டுமே. மாறிய இடங்களை மட்டும் குறித்துவைத்து, டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் முழுத் தொகுதியையும் 2009இல் 4 மெகாபைட்டுக்குள் சுருக்கிக் காட்டினார்கள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவு!

அந்தப் பொது மாதிரி யாருடையது என்று கேட்க வேண்டாமா? அதில் சுமார் 70 விழுக்காடு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் நாளிதழ் விளம்பரம் பார்த்து ரத்தம் கொடுத்த ஒருவருடையது. 2023இல் வெளியான புதிய மாதிரியில் பல இனத்தவர் 47 பேர் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவும் தன் மக்களில் 10,000 பேரின் தொகுதியைப் படித்திருக்கிறது. நம்மவர் எழுத்துகளும் அந்தப் புத்தகத்தில் ஏறினால்தான், நம்மிடம் இருக்கும் ஒரு மாற்றம் இயல்பானதா, நோயா என்று மருத்துவர் சரியாகச் சொல்ல முடியும்.

ஏனென்றால் சில சமயம் ஒரே ஓர் எழுத்துதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. இந்தியர்களிடம் அதிகம் காணப்படும் பீட்டா தாலசீமியா மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் சி. நம் கணக்கில் 10 என்பது 01 ஆகிவிட்டது. இரண்டே பிட்! ஒரு பிரதியில் மட்டும் இந்த மாற்றம் இருந்தால் மற்றப் பிரதி சமாளித்துக்கொள்ளும். அவர் நோயாளி அல்ல, மாற்றத்தைச் சுமப்பவர். அப்படிச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியிலும் மாற்றம் வந்துவிடும். பிறகு மாதாமாதம் மருத்துவமனை, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றுதல்.

ரந்தாவ், பஹாவ், போர்ட்டிக்சன் பக்கத் தோட்டங்களில் அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் பல. சொந்தத்துக்குள் ஒரே எழுத்து மாற்றம் இரு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். மாணவர்களுக்குப் பள்ளியில் தாலசீமியா ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அந்த அறிக்கை வீட்டுக்கு வந்தால் சில பெற்றோர் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். "பொண்ணுக்கு வரன் வராது" என்ற பயம்.

பயப்பட வேண்டியது மறைப்பதற்குத்தான். சுமப்பவர் என்று தெரிந்தால் கல்யாணம் நிற்க வேண்டியதில்லை. வரப்போகிறவரும் ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், குழந்தை பெறும் முன்பே மருத்துவரிடம் பேச வழி இருக்கிறது.

உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் அந்தப் பரிசோதனை செய்திருந்தால் இந்த வாரமே அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். ஜாதகம் வைத்திருக்கும் அதே உறையில் அதையும் போட்டு வையுங்கள்.