ஜெபமா, கணக்குப் புத்தகமா?

இந்து மதத்தின் பேரால் நடக்கும் பணப் பறிப்பைப் பற்றி மாத்திரம் ஓயாமல் எழுதுகிறீர்களே, கிறிஸ்தவர்கள் விஷயத்தில் ஏன் வாய் திறப்பதில்லை என்று சில தோழர்கள் நம்மைக் கேட்பதுண்டு. கேட்பவர்களில் சிலருடைய உத்தேசம் நமக்குத் தெரியாததல்ல. தங்கள் கோவில் உண்டியல் மேல் இருக்கும் நமது பார்வையைச் சற்று அடுத்த தெருப் பக்கம் திருப்பிவிட வேண்டுமென்பது அவர்களுடைய ஆசை. ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வியேயாகும். உண்டியல் எந்தத் தெருவில் இருந்தாலும் அதில் விழுவது ஏழையின் கூலிதானே! ஆகவே ஒரு குடித்தனக்காரன் தன் வரவு செலவை ஜெபத்தின் பொறுப்பில் விட்டுவிடலாமா என்பதைப் பற்றி இவ்வாரம் யோசிப்போம்.

முதலில் வேதத்தையே எடுத்துக் கொள்வோம். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, நாளைய தினத்தைப் பற்றிக் கவலை வேண்டாமென்று ஏசு போதித்ததாக மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று அதே ஏசு கேட்டதாக லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இவ்விரண்டில் குடிசைவாசிக்குப் பிரசங்கம் செய்யப்படுவது பெரும்பாலும் முந்தியது. சபையார் தாங்கள் கட்டிடம் கட்டும்போது கைக்கொள்வது பிந்தியது.

ஜெபத்தினாலேயே பணம் வரும் என்பதற்கு விசுவாசிகள் எடுத்துக் காட்டும் பெரிய சாட்சி ஜார்ஜ் முல்லர் என்பவர். 1805-இல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்திற்குப் போய், பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதைக் குழந்தைகளுக்கு ஒரு விடுதி ஏற்படுத்தியவர். 1870-க்குள் அங்கே ஐந்து பெரிய கட்டிடங்கள் எழுந்து, ஒரே சமயத்தில் 2,000 குழந்தைகளுக்கு மேல் இருக்க இடம் ஏற்பட்டது. 1898-இல் அவர் இறக்கும் வரையில் சுமார் 15 லட்சம் பவுன் அவர் கைக்கு வந்து போயிற்று. ஒரு மனிதனிடத்திலும் காசு கேட்டதில்லை, கடவுளிடத்தில் மாத்திரமே கேட்டேன் என்பது அவருடைய வாக்கு. அவர் யோக்கியர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அநாதைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுத்த மனிதரை நாம் வணங்காவிட்டாலும் மதிக்கிறோம்.

ஆனால் அவர் ஜெபம் செய்ததோடு நின்றாரா? தமது அனுபவங்களை 1837-இல் புத்தகமாக அச்சிட்டார். வருஷந்தோறும் அறிக்கை வெளியிட்டார். இன்ன தேதியில் கையில் காசில்லை, ஜெபித்தோம், இன்ன இடத்திலிருந்து இவ்வளவு வந்தது என்று பென்ஸ் வரையில் அதில் கண்டிருக்கும். அதைப் படித்தவர்கள் மனமிளகிப் பணம் அனுப்பினார்கள். இங்கே விண்ணப்பத்தைக் கேட்டது வானத்திலிருந்தவரா, அறிக்கையை வாசித்தவர்களா?

இதற்கு வெளியார் சாட்சி தேவையில்லை. 1841-ஆம் வருஷக் கடைசியில் விடுதியில் பணமுடை ஏற்பட்டது. அந்தச் சமயத்தில் வருஷக் கூட்டத்தையும் அறிக்கையையும் முல்லர் வேண்டுமென்றே தள்ளி வைத்தார். கஷ்ட காலத்தில் அறிக்கை வெளியிட்டால் அது யாசகம் போலாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். இது நாணயமான செய்கைதான். ஆனால் அறிக்கை போனால் பணம் வரும் என்று அவருக்கே தெரிந்திருந்தாலொழிய அதை நிறுத்தி வைக்க வேண்டிய அவசியமென்ன?

முல்லர் செய்த மற்றக் காரியங்களையும் பாருங்கள். கடன் வாங்குவதில்லை. சாமான்களை ரொக்கத்திற்கே வாங்குவது. வந்த காசு ஒவ்வொன்றுக்கும் கணக்கு. ஜெபமே அறியாத ஒரு நாஸ்திகன் இப்படி நடந்தாலும் அவனுடைய ஸ்தாபனமும் நிலைத்து நிற்கும். ஜெபித்துக் கொண்டே கடன் வாங்கிச் செலவு செய்திருந்தால் முல்லர் விடுதி மூன்றாம் வருஷத்தில் ஏலத்திற்கு வந்திருக்கும்.

இவருக்கு நூறு வருஷம் முன்பே ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னும் ருசிகரமானது. அந்நாட்டுப் பாதிரிமார் இறந்தால் அவர்களுடைய விதவைகளும் பிள்ளைகளும் வறுமையில் விழுவது வழக்கமாயிருந்தது. ஊருக்கெல்லாம் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர்களின் குடும்பங்களே இந்தக் கதி! ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரண்டு பாதிரிகள் இதற்கு வழி தேடினார்கள். அவர்கள் செய்தது உபவாச ஜெபமல்ல. உயிரோடிருக்கும் பாதிரிகள் சுமார் 930 பேர், அவர்களில் வருஷத்துக்குச் சராசரி 27 பேர் சாவார்கள், அந்த 27 பேரில் 18 பேருக்கு விதவைகள் இருப்பார்கள் என்று ஜாபிதா போட்டார்கள். எடின்பரோ சர்வகலாசாலைக் கணித ஆசிரியர் காலின் மக்லாரினைக் கொண்டு கணக்கைச் சரிபார்த்தார்கள். உயிரோடிருக்கும்போதே ஒவ்வொரு பாதிரியும் வருஷந்தோறும் ஒரு தொகை கட்டுவது, அதை வட்டிக்கு விட்டு விதவைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது என்று 1744-இல் நிதி ஏற்பட்டது. 1765-இல் மூலதனம் 58,348 பவுனாக இருக்கும் என்று கணித்தார்கள். அந்த வருஷம் பார்த்தபோது அதற்கு ஒரே ஒரு பவுன்தான் குறைந்திருந்தது. தீர்க்கதரிசனம் என்று சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்!

பாதிரி எப்போது சாவாரென்பது கர்த்தரின் சித்தம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தவர்கள், அதையே திங்கட்கிழமை சராசரி போட்டார்கள். அதனால் அந்தப் பெண்கள் பிழைத்தார்கள். பிற்காலத்து இன்ஷ்யூரன்ஸ் தொழிலுக்கு இந்த நிதி ஒரு முன்மாதிரியாயிற்று.

1872-இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற இங்கிலீஷ் அறிஞர் ஜெபத்தின் பலனைக் கணக்கெடுத்துப் பார்த்து ஒரு வியாசம் எழுதினார். தேசத்துக் கோவில்களிலெல்லாம் ராஜ குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காக ஜெபிக்கிறார்களே, அவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்களா என்று பார்த்தார். அரச வம்சத்தாரின் சராசரி ஆயுள் 64, சாதாரணக் கனவான்களின் ஆயுள் 70 என்று கண்டார். ராஜாக்கள் அதிகம் தின்று செத்திருக்கலாம் என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் அவர் காட்டிய இன்னொன்றுக்கு என்ன சமாதானம்? இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரன் உடல்நிலையைத் துருவித் துருவிக் கேட்கிறான்; தினம் ஜெபிக்கிறாயா என்று மாத்திரம் கேட்பதில்லை. ஜெபிப்பவனுக்கு நஷ்டம் குறைவென்று கண்டால் காசில் கண்ணுள்ள அவன் அந்த லாபத்தை விடுவானா?

இவையெல்லாம் பழைய சங்கதி; யோக்கியர்களின் சங்கதி. அமெரிக்காவில் ஜெபம் வியாபாரமான கதை வேறு. "விதை" என்று ஒரு சொல்லை அங்கே கிளப்பிவிட்டார்கள். ஊழியக்காரருக்கு நீ அனுப்பும் டாலர் விதை, கடவுள் உனக்குப் பல மடங்கு விளைவித்துத் தருவார் என்பது அதன் தாத்பரியம். இதைப் பரப்பியவர்களில் முக்கியமான ஓரல் ராபர்ட்ஸ் 1987 ஜனவரியில், மார்ச் முடிவதற்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தம்மை அழைத்துக் கொள்வார் என்று டெலிவிஷனில் சொன்னார். பணம் சேர்ந்தது. கடைசியாக 13 லட்சம் டாலர் கொடுத்தவர் நாய்ப் பந்தய மைதானத்தின் சொந்தக்காரர். சூதாட்டப் பணத்தை வாங்கிக் கொண்டு கடவுள் தவணை நீட்டினாராம்! ராபர்ட்ஸ் 2009 வரையில் சௌக்கியமாயிருந்தார். பீட்டர் பாப்பாஃப் என்பவருக்குக் கூட்டத்திலுள்ளவர்களின் பெயரும் வியாதியும் பரலோகத்திலிருந்து தெரியவந்தன. 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்னும் ஜாலவித்தைக்காரர் அதைப் பிடித்துக் காட்டினார். பரலோகமாவது, காதில் மறைத்திருந்த ரேடியோ வழியாகப் பேசிய அவருடைய மனைவிதான்.

நம் ஊரிலும் தசமபாகம், விதைக் காணிக்கை என்ற பேச்சு டெலிவிஷன் மூலமாக வீடு தேடி வருகிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒரு கொத்தனாரை எடுத்துக் கொள்வோம். அவருக்கு 30,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. வட்டி 1,500 ரூபாய். தசமபாகம் 1,500 ரூபாய். பதினைந்து மாதம் இரண்டையும் தவறாமல் கட்டினால் சபைக்கு 22,500, வட்டிக்காரனுக்கு 22,500 போயிருக்கும். அசல் 30,000 அப்படியே நிற்கும். காணிக்கையை நிறுத்தி அதையும் சேர்த்து மாதம் 3,000 ரூபாயாக வட்டிக்காரனிடமே கட்டினால், அதே பதினைந்தாம் மாதத்தில் கடன் தீர்ந்து போகும். இதற்குப் பரலோகத்தின் பலகணி திறக்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் காகிதமும் போதும். மஞ்சள் துணியில் காசு முடிந்து மலைக்குக் கொண்டுபோகும் நம் இந்துத் தோழர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கென்று தனி வாய்பாடு கிடையாது.

ஜெபித்தால் மனதுக்கு ஆறுதலாயிருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ஜெபிக்கட்டும். அதற்குச் செலவொன்றும் இல்லையே! மாதம் பத்தில் ஒரு பங்கு கட்டினால்தான் ஆறுதல் கிடைக்குமென்று சொல்பவனிடத்தில்தான் நமக்கு வழக்கு.

இந்தத் தசமபாகத்தைப் பற்றி இன்னொரு சங்கதி. அமெரிக்காவில் கிரெஃப்லோ டாலர் என்று ஒரு போதகர். நாம் வைத்த பெயரல்ல. 2015-இல் தமக்கு ஆறரைக் கோடி டாலர் விலையில் ஓர் ஆகாய விமானம் வாங்கப் பக்தர்களிடம் பணம் கேட்டவர். அவரே 2022-இல் பிரசங்க மேடையில் நின்று, தசமபாகம் கட்டாயமென்று தாம் இத்தனை காலம் போதித்தது சரியல்ல, அதைப் பற்றித் தாம் எழுதிய புத்தகங்களைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று சபையாருக்குச் சொன்னார். புத்தகத்தை எறியச் சொன்னவர், அதைப் படித்துவிட்டு இத்தனை வருஷம் கட்டியவர்களைப் பார்த்து, கட்டிய பணத்திற்குக் கணக்கெடுத்து வாருங்கள், திருப்பித் தருகிறேன் என்று அந்தப் பிரசங்கத்தில் சொல்லவில்லை.