இருவாச்சிக்கு வேண்டியது பொந்து

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மூவர் இருவாச்சிப் பறவையை எடுத்துக்காட்டினர். மூவருக்கும் அது கற்பின் சின்னம். ஆண் இறந்தால் பெண் கூட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்து உயிர் துறக்கும் என்று ஒருவர் உருகிச் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அந்தக் கைதட்டலில் எனக்கு இன்று உடன்பாடில்லை. இருவாச்சியைப் புனிதமாக்கிவிட்டு அதன் மரத்தை மறந்துவிடுகிறோம் என்பதே என் குறை. அது பழம் மட்டும் உண்ணும் முனிவருமன்று. ஓணான், பாம்பு, பிற பறவைகளின் குஞ்சு எல்லாம் அதற்கு இரைதான்.

ஆனைமலைக் காடுகளில் வாழும் பெரிய இருவாச்சி மூன்று அடிக்கு மேல் நீளமுள்ளது. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெண்மை. பறக்கும்போது இறகுகளின் இடையே காற்றுப் புகுந்து எழும் ஓசை, மேட்டில் ஏறும் பழைய நீராவி இரயிலை நினைவூட்டும். மலையாளத்தார் 'மலைமுழக்கி' என்று பெயரிட்டது வீண்போகவில்லை.

இனி பொந்துக்கு வருவோம். பெண் பறவை மரப்பொந்தில் நுழைந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து உள்ளிருந்தே வாயிலை அடைக்கிறது. மிஞ்சுவது ஒரு நீளப் பிளவு. அதன் வழியே ஆண் மாதக்கணக்கில் உணவு ஊட்டும். முட்டை ஒன்றோ இரண்டோ. தேறுவது பெரும்பாலும் ஒரே குஞ்சு. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் அடைப்பை உடைத்து வெளியே வருகிறது. உள்ளே இருக்கும் குஞ்சு, யாரும் கற்றுக்கொடுக்காமலே, அந்த வாயிலைத் தானே மீண்டும் பூசிக்கொள்கிறது! நம் பேச்சாளர்கள் இதை ஏன் விட்டுவிட்டார்கள்?

இத்தனை செய்யும் பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தியின் அலகு அதற்கில்லை. கிளை முறிந்து, பூஞ்சை பிடித்து, உள்ளே உளுத்துப்போன முதுமரமே அதற்கு வீடு. இத்தனை பெரிய உடல் அடங்கும் பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அமைந்த பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. அதுவும் நிலையன்று, உள்ளே அடித்தளம் உளுத்து இறங்கிவிட்டால் பயன்படாது. தாய்லாந்தில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவரும் பிலாய் பூன்சவாட் அம்மையாரின் குழுவினர், அப்படி இறங்கிய பொந்துகளில் மண் நிரப்பிச் செப்பனிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு குஞ்சு திருடியவர்களையே அங்கே கூட்டுக் காவலர்களாகவும் ஆக்கினார்கள். நம் அண்டையில் வாழச்சால் காட்டின் காடர்களும் இன்று அந்தக் காவலைச் செய்கின்றனர்.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இப்பறவையை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. நன்று. ஆனால் வால்பாறையில் தேயிலைக்கு இடையே தீவுகளாக எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் ஒரு முதுமரம் சாய்ந்தால், 'பட்ட மரம்தானே' என்று விறகுக் கணக்கில் சேர்த்துவிடும் மனம் நமக்கு. நிழலுக்கென்று தேயிலையில் நட்டிருப்பதோ ஆஸ்திரேலியச் சில்வர் ஓக். இருவாச்சி விழுங்க அதில் ஒரு பழம்கூடக் கிடையாது. அத்தி இனங்களும் காட்டு ஜாதிக்காயும் வேண்டிய பறவை அது. விழுங்கிய பழத்தின் பெரிய விதைகளைத் தொலைவில் கக்கிச் செல்வதால்தான் அம்மரங்கள் புது இடத்தில் முளைக்கின்றன. பறவை போனால் அந்த விதைகளைச் சுமக்க, குரங்கோ சிறு பறவையோ, முழுதாக ஈடாக முடியாது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் இப்பறவையை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களில் சேர்த்தது. பேச்சுப் போட்டியில் அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

வால்பாறைச் சுற்றுலா என்றால் நாம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி வருகிறோம். அடுத்த முறை விலங்கியல், தாவரவியல் மாணவர்கள், வனத்துறையின் அனுமதி பெற்று, பொந்துள்ள மரங்களை எண்ணட்டும்: மரத்தின் பெயர், அடிமரச் சுற்றளவு, பொந்தின் உயரம், திசை. பட்டியலை வனத்துறையிடம் கொடுத்துவிடலாம். இம்மலரில் மட்டும் அச்சிட வேண்டாம். பொந்து இருக்குமிடம் தெரிந்தவர் தொகை குறைவாக இருப்பதே நல்லது.