கை தவறியதா, வைத்த இடம் தவறா?

மடங்கும் சக்கரம் கொண்ட சிறு விமானங்களை ஓட்டுபவர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. விமானிகள் இரண்டே வகையாம்: சக்கரத்தை இறக்க மறந்து தரையிறங்கியவர்கள், இனிமேல் அப்படி இறங்கப்போகிறவர்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம். யாருக்கும் வரக்கூடிய தப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மாட்டியவனை மட்டும் 'கவனமில்லாத ஆள்' என்று எழுதி ஃபைலை மூடுவது என்ன நியாயம்?

மறதியைக்கூட விடுங்கள். இன்னொரு வகை விபத்து இருக்கிறது. விமானம் ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறது. சக்கரங்கள் ஓடுதளத்தில் உருள்கின்றன. தரையிறங்குவதற்காகக் கீழே இறக்கிய ஃபிளாப்பை மறுபடி ஏற்றுவதற்கு விமானி கையை நீட்டுகிறார். கை பிடித்தது வேறொரு கைப்பிடியை. லேண்டிங் கியர் மடங்குகிறது. விமானத்தின் வயிறு தரையில் தேய்கிறது, ப்ரொப்பெல்லர் வளைகிறது, எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டியதாகிறது. பெரும்பாலும் உயிர் போவதில்லை. அதனாலேயே யாரும் இதைப் பெரிசா எடுத்துக்கறதில்லை. பைலட் எரர். முடிஞ்சது கதை.

"தரையில் இருக்கும்போது மடங்காமல் தடுக்க ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டே?" என்று கேட்பீர்கள். உண்டு. சக்கரக் காலின் மேல் எடை அழுத்தினால்தான் அது வேலை செய்யும். வேகம் குறையும்வரை எடையில் ஒரு பங்கை இறக்கைகள் தாங்கிக்கொண்டிருக்கும். விமானம் இன்னும் வானத்தில்தான் இருக்கிறது என்று சுவிட்ச் ஏமாந்துபோகலாம்.

இது புதிதாகத் தெரியவந்த விஷயமா? இரண்டாம் உலகப் போரின்போதே தெரியும். அமெரிக்க ராணுவ விமானப் படையில் பணியாற்றிய உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ், பி-17 குண்டுவீச்சு விமானங்களில் இதே விபத்தை ஆராய்ந்தார். விமானிகளின் மனசைத் தோண்டிக்கொண்டிருக்காமல் காக்பிட்டைப் பார்த்தார். ஃபிளாப்புக்கும் சக்கரத்துக்குமான சுவிட்சுகள் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் குட்டிச் சக்கர வடிவம், இன்னொன்றில் ஆப்பு வடிவம் பொருத்தினால் கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரியும் என்றார். 1947-ல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் 'பைலட் எரர்' என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஏறத்தாழப் பாதி, ஒன்றைத் தொடப்போய் இன்னொன்றைத் தொட்டவை.

அதற்கப்புறம் முப்பது வருஷம் கழித்து என்ன நிலைமை? 1980-ல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. 1975 முதல் 1978 வரை ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் கைதவறிச் சக்கரம் மடங்கிய விபத்துகள் 24. அவற்றில் 16 பீச்கிராஃப்ட் பொனான்சா. மடங்கும் சக்கரம் கொண்ட ஒற்றை எஞ்சின் விமானங்களில் பொனான்சாவின் பங்கோ சுமார் 30 சதவீதம்தான். பொனான்சா வாங்குகிறவர்கள் எல்லாம் மறதிக்காரர்களா? பெரும்பாலான மற்ற விமானங்களில் சக்கரக் கைப்பிடி இருக்கும் பக்கத்தில் இதில் ஃபிளாப் கைப்பிடி இருந்தது. அதன் இடத்தில் இது. போதிய பூட்டு இல்லை, தொட்டு அறியும்படி வடிவ வேறுபாடு இல்லை. 'வடிவமைப்பால் தூண்டப்பட்டவை' என்று அறிக்கையின் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள்.

பழைய உரிமையாளர்களுக்குக் கை பழகிவிட்டது, இடத்தை மாற்றினால் புதுக் குழப்பம் வரும் என்பது ஒரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பூட்டு போட இடத்தை மாற்ற வேண்டாமே? குமிழின் வடிவத்தை மாற்ற யார் தடுத்தார்கள்? 1980-கள் பாதி நெருங்கிய பிறகுதான் புதிய பொனான்சாக்களில் கைப்பிடிகள் மற்றவர்களைப் போல இடம் மாறின. ஏற்கெனவே விற்றவை அப்படியே பறந்துகொண்டிருந்தன.

விமானிக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓடுதளத்தை விட்டு வெளியே வந்து நிறுத்தும்வரை எதையும் தொடாதே என்று கற்றுத்தருவது நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பாடத்தைக் காட்டி வரைபடம் போட்டவர் தப்பித்துக்கொள்ளக் கூடாது. வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆட்கள், ஒரே கைப்பிடியில் தவறுகிறார்கள் என்றால் அது அவர்களுடைய குணம் இல்லை, அந்தக் கைப்பிடியின் குணம். அடுத்த தடவை 'பைலட் எரர்' என்று படித்தால், அவர் கைக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒருமுறை கேளுங்கள். விசாரணை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.