முன்னுணர்த்தும் கலை

பின்னர் நிகழவிருப்பதை முன்னரே குறிப்பாக உணர்த்திவிட்டால் கதையின் சுவை குன்றும் என்பர் சிலர். அஃது உண்மையன்று. இளையோர் வளர்ந்து வாழ்வை அறியும் கதைகளுக்கு அக்குறிப்பே உயிராகும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இதற்குச் சான்று.

கயிலையில் மலர் கொய்த மகளிர் இருவர்மேல் சுந்தரர் மனம் செல்ல, மூவரும் மண்ணில் பிறக்க நேர்ந்தது என்று நூலின் தொடக்கமே கூறுகின்றது. அம்மகளிருள் ஒருவரே ஞாயிறு என்னும் ஊரில் சங்கிலியாராகப் பிறந்தார். பருவமெய்திய அவருக்குப் பெற்றோர் மணம் பேசினர். சிவனருள் பெற்ற ஒருவர்க்கே தாம் உரியவர் என்றார் அவர். பின்னர், இன்றைய வடசென்னையிலுள்ள திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்கு மாலை தொடுத்தார். வரப்போகின்றவர் யாரென்பதை அவர் அறியார், நாம் அறிவோம்.

சுந்தரர் வந்தார், சங்கிலியாரை மணக்க விழைந்தார். பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டியிருந்தது. அவ்வேளையில் கோயிலை விட்டு மகிழமரத்தடியில் தங்குமாறு இறைவனை அவர் வேண்டினார். சங்கிலியாரோ, இறைவன் உணர்த்தியவாறே, மகிழடியிலேயே சூளுரைக்கச் செய்தார். புறவழி தேடிய உள்ளம் சொல்லில் நில்லாது என்பதை நாம் அப்பொழுதே உணர்கின்றோம். அவ்வாறே அவர் பிரிந்தார்; ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்தார்.

என்ன நிகழும் என்னும் வினா அடங்கினால்தான் ஏன் நிகழ்கின்றது என்னும் வினா பிறக்கும். நாவல் கற்கும் மாணவர்கள் சிறு குறிப்பையும் கடந்து செல்லலாகாது. இளமையில் செய்யும் சிறு செயலே பின்னாளின் வித்து என்பதை அக்குறிப்புகளே கற்பிக்கின்றன.